ஒரு வருஷம் எழுதியாச்சு, இனி என்ன? – வாசகர் கேள்வி பதில்

பிளாக் எழுதுவதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு சின்னக் கட்டம் போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் கேள்வி ஒன்றுதான், ஊர்தான் வேறு: ஒரு வருஷம் ஓடிவிட்டது, இது தேறுமா தேறாதா? அதற்கு முதலில் நீளமாகவே பதில் சொல்லிவிடுகிறேன். வருமான வரி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் இடம் வைத்திருக்கிறேன்.

அக்கா, தனியார் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாகக் கொங்குச் சமையல் பிளாக் எழுதுகிறேன். இருநூறு பதிவுக்குப் பக்கம் வந்தாச்சு. ஆட்சென்ஸ் (பிளாக்கில் கூகுள் போடும் விளம்பரம்) பணம் கைக்கு வந்தது நாலே தடவை. விட்ட சம்பளத்தை நினைத்தால் வயிறு எரிகிறது. மாமியார் "எந்நேரமும் போனை நோண்டிட்டே இருக்கா" என்கிறார். இந்த ஒரு வருஷத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது? தொடரலாமா?
– ஒரு வாசகி, கரூர்

மாமியாருக்குக் கடைசியில் பதில் சொல்லலாம், முதலில் உங்களுக்கு.

நாலு தடவை பணம் வந்தது என்றால் நானூறு டாலரைத் தாண்டியிருக்கிறீர்கள். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும், அதுவும் அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள். முதல் வருஷத்துக்கு, அதுவும் தமிழுக்கு, இது மோசமே இல்லை. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018 பிப்ரவரியில்தான். அதற்கு முன்பு தமிழில் எழுதியவர்கள் பலர் ஒரு பைசா பார்க்காமல் பத்து வருஷம் எழுதினார்கள். இன்றைக்கும் ஆங்கிலப் பதிவுக்கு விளம்பரம் தர நிற்கிற கூட்டம் தமிழுக்கு இல்லை, அதனால் ஒரு கிளிக்குக்குக் கிடைக்கிற காசும் குறைவு. இது உங்கள் எழுத்தின் குறை இல்லை என்பதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இதற்காக யாரும் சம்பளத்தைக் கூட்டித் தரப்போவதும் இல்லை, அதையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. மொத்த வியூஸ் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், அந்த எண் சந்தோஷப்படவோ அழவோ மட்டும்தான் உதவும். கூகுள் தேடலில் உங்கள் தளம் எப்படிப் போகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து, கடந்த 12 மாதம் என்று வைத்து, பக்கங்களைக் கிளிக் வரிசைப்படி அடுக்குங்கள். இருநூறு பதிவில் பதினைந்தோ இருபதோதான் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும். அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான், எனக்கும் (நான் மாடித்தோட்டம் பற்றி எழுதுகிறேன்) செம்பருத்தியில் மாவுப்பூச்சி பற்றி எழுதிய பழைய பதிவு ஒன்றுதான் ஒவ்வொரு கோடைக்கும் சோறு போடுகிறது, ரசித்து ரசித்து எழுதிய பல பதிவுகளை யாரும் சீண்டுவதில்லை.

அந்த இருபது பதிவுக்கும் மக்கள் என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டிய வேலை, ஆனால் வருஷக் கணக்கில் இதுதான் உருப்படியான பகுதி. அரிசிம்பருப்பு சாதம் பற்றி நீங்கள் எழுதியிருப்பீர்கள், அதன் வரலாறு, பாட்டி வீட்டு ஞாபகம் எல்லாம் போட்டிருப்பீர்கள். தேடி வந்தவரோ "குக்கரில் எத்தனை விசில்", "ஒரு டம்ளருக்கு எவ்வளவு தண்ணி" என்று கேட்டிருப்பார். அந்தப் பதில் உங்கள் பதிவில் எட்டாவது பத்தியில் இருக்கிறதா, அல்லது இல்லவே இல்லையா? இன்னொன்றும் கண்ணில் படும். நம்மவர்கள் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தேடுகிறார்கள். தலைப்பு சுத்தத் தமிழில் இருக்கட்டும், ஆனால் பதிவின் இணைய முகவரியில் ஆங்கில எழுத்து இருந்தால் நல்லது. நீங்கள் கூகுளின் இலவசத் தளமான பிளாக்கரில் எழுதுபவர் என்றால் இது இன்னும் முக்கியம், தமிழ்த் தலைப்பு மட்டும் கொடுத்தால் அது முகவரியை வெறும் "பிளாக் போஸ்ட்" என்று போட்டு பக்கத்தில் ஒரு எண்ணை ஒட்டிவிடும். பதிவை வெளியிடும் முன் பெர்மாலிங்க் பகுதியில் முகவரியைக் கையால் ஆங்கிலத்தில் தட்டிவிடுங்கள். வெளியிட்டு நாலு பேர் பகிர்ந்த பிறகு மாற்றினால் பழைய லிங்க் எல்லாம் செத்துவிடும், அதனால் பழைய பதிவுகளில் ஆசைப்பட்டு இதைச் செய்ய வேண்டாம்.

இம்ப்ரெஷன் (தேடலில் பதிவு எத்தனை தடவை காட்டப்பட்டது என்ற எண்) எக்கச்சக்கமாக இருந்தும் கிளிக் இல்லாத பதிவுகள் சில கிடைக்கும். அவற்றின் தலைப்பை மாற்றிப் பாருங்கள். தேடல் முடிவில் எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் நிற்கிற பதிவுகள் கிடைக்கும், அவைதான் அடுத்த வருஷத்துக்கான உங்கள் வேலை. இன்னும் ஒரு படம், சரியான அளவு, "தண்ணி அதிகமாகிவிட்டால் என்ன செய்வது" என்று ஒரு பத்தி, இவ்வளவு சேர்த்தால் மேலே ஏற வாய்ப்பு இருக்கிறது. ஐம்பதாவது இடத்தில் கிடப்பதை மல்லுக்கட்டி இழுக்காதீர்கள்.

ஒரு முக்கியமான விஷயம், இதை இன்றைக்கே செய்யுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத்துக்கு மேல் எதையும் வைத்திருக்காது, அதனால் வருஷக் கணக்கை இறக்கி ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வருஷம் முதல் வருஷத்தோடு ஒப்பிட ஒன்றுமே இருக்காது. தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் இன்னும் மோசம், விரிவாக அலசும் பகுதிக்கான தகவலை அது தானாக 2 மாதம்தான் வைத்திருக்கும். செட்டிங்ஸில் போய் 14 மாதம் என்று மாற்ற வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, வருஷக் கடைசியில் திறந்து பார்த்துத் தலையில் கை வைப்பார்கள்.

அப்புறம் செலவு. டொமைன், ஹோஸ்டிங் மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். சமைக்கிற பொருள், கேஸ், ரீசார்ஜ், எல்லாவற்றுக்கும் மேல் நேரம். ஒரு பதிவுக்குச் சமையலில் இருந்து படம் எடுத்து, தட்டி, பாத்திரம் கழுவி முடிக்கும்வரை எத்தனை மணி நேரம் என்று ஒரு வாரம் மட்டும் குறித்துப் பாருங்கள். வாரம் நாலு பதிவு என்று விரட்டிக்கொண்டு ஓடியிருந்தால், அதில் மூன்று யாருக்கும் வேண்டாதது என்பதும் அப்போது தெரியும்.

தொடரலாமா? நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். முதல் மூன்று மாதத்தில் எழுதிய பதிவுகளுக்கு இன்றைக்கும் ஆள் வருகிறார்களா, வரத்து கூடுகிறதா? கூடுகிறது என்றால் தொடருங்கள், அடுத்த வருஷம் புதுப் பதிவைப் பாதியாகக் குறைத்துவிட்டு அந்த நேரத்தில் பழையதைத் திருத்துங்கள். மாறாக, வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க் போட்ட அன்றைக்கு மட்டும் எண் ஏறி மறுநாள் விழுகிறது என்றால் நீங்கள் செய்வது தினக்கூலி வேலை. கை நின்றால் கூலி நின்றுவிடும், அதற்கு டீச்சர் வேலையே மேல். அப்படியானால் பிளாக்கை மாலை நேர வேலையாக வைத்துக்கொண்டு பள்ளிக்குத் திரும்புவதில் ஒரு கேவலமும் இல்லை.

விளம்பரக் காசு மட்டும் உங்கள் பழைய சம்பளத்தை அடுத்த வருஷமே எட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கொங்கு மசாலாப் பொடி விற்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். நல்ல யோசனைதான், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு இல்லாமல் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பொடி என்பதையும் மேலே சொன்ன தேடல் வார்த்தைகளே சொல்லும்.

மாமியார்? ஒப்புட்டுக்கு (போளிதான்) மாவு பிசைகிற பதம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கையை வீடியோவில் காட்டுங்கள், "அத்தை சொன்ன அளவு" என்று பதிவில் போடுங்கள். போனை நோண்டுகிற வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும், பதிவும் நன்றாக இருக்கும்.

செல்போன் செட்டிங்ஸ், ஆப் டிப்ஸ் எழுதுகிறேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று பாதியாகிவிட்டது. எந்தத் தப்பும் செய்யவில்லை. பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

அழிக்காதீர்கள், தம்பி. பதற்றத்தில் அழித்தவர்கள் திரும்ப எழுதியதை நான் பார்த்ததே இல்லை.

வரத்து விழுந்த தேதியை எடுத்துக்கொண்டு கூகுளின் தேடல் நிலவரப் பக்கத்தைப் பாருங்கள். வருஷத்துக்குச் சில தடவை அவர்கள் பெரிய மாற்றம் செய்வார்கள், தேதியோடு அங்கே போட்டிருப்பார்கள். 2024 மார்ச் 5-ல் ஆரம்பித்த மாற்றம் ஏப்ரல் 19 வரை 45 நாள் ஓடியது, உலகம் முழுக்கச் சின்னச் சின்னத் தளங்கள் பல அதில் அடிபட்டன. உங்கள் தேதி அப்படி ஒன்றோடு பொருந்தினால் அது முடியும்வரை எதையும் தொடாதீர்கள். விழுந்தது எழ அடுத்த பெரிய மாற்றம்வரை காத்திருக்க வேண்டிவரலாம் என்று கூகுளே சொல்கிறது. எரிச்சலான பதில்தான், என்ன செய்வது.

பொருந்தவில்லை என்றால் வேறு கணக்கு. போன வருஷம் இதே வாரங்களோடு ஒப்பிடுங்கள், போன மாதத்தோடு அல்ல. பரீட்சை மாதத்தில் சில தளங்கள் தூங்கும், சில தளங்கள் துள்ளும். இம்ப்ரெஷனும் சேர்ந்து விழுந்திருந்தால் தரவரிசை போயிருக்கிறது, அல்லது பக்கங்கள் கூகுளின் தேடல் பட்டியலான இண்டெக்ஸில் இருந்து வெளியே போயிருக்கின்றன. இம்ப்ரெஷன் அப்படியே இருந்து, இடமும் மாறாமல், கிளிக் மட்டும் விழுந்திருந்தால் பதில் தேடல் பக்கத்திலேயே மேலே கிடைத்துவிடுகிறது என்று அர்த்தம். ஏஐ தொகுத்துத் தரும் சுருக்கம் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தது, முதலில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்.

உண்மையைச் சொன்னால் உங்கள் துறைதான் இதில் முதலில் அடிவாங்கும். "வாட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரத்தை மறைப்பது எப்படி" என்பதற்கு இரண்டு வரிப் பதில் போதும், அதற்காக ஒருவர் உங்கள் பக்கம் வரை வந்து மூன்று விளம்பரத்தைத் தாண்டமாட்டார். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் போன் ஒன்றை நீங்கள் வாங்கி, ஆறு மாதம் வைத்திருந்து, மதுரை வெயிலில் டூவீலர் ஓட்டும்போது மேப் போட்டால் எவ்வளவு சூடாகிறது, பேட்டரி எப்போது படுக்கிறது, சர்வீஸ் சென்டரில் எத்தனை நாள் அலையவிட்டார்கள் என்று எழுதினால் அது வேறு யாரிடமும் இல்லாத பதில். அடுத்த வருஷம் அந்தப் பக்கம் திரும்புங்கள். பதிவு எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

ஏஐ-யை வைத்து தினம் இரண்டு பதிவு போட்டால் இரண்டாவது வருஷம் வேகமாக வளருமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

வளரும், விழும். மேலே சொன்ன 2024 மார்ச் மாற்றத்தோடு கூகுள் புதிதாக ஒரு விதியும் கொண்டுவந்தது: தேடலில் இடம் பிடிக்க மட்டுமே மொத்தம் மொத்தமாகக் கொட்டப்படும் பதிவுகள் குப்பை. எழுதியது ஆளா மெஷினா என்பது அங்கே கேள்வியே இல்லை. தகவல் சரிபார்க்க, எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கில ஆவணத்தைப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். தினம் இரண்டு பதிவுக்கு அவசியம் என்ன என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். உங்களிடம் தினம் இரண்டு விஷயம் சொல்ல இருக்கிறதா? என்னிடம் வாரத்துக்கு ஒன்று இருந்தாலே அதிகம்.

கம்பெனிக்காரர்கள் மிக்ஸி, தவா எல்லாம் இலவசமாக அனுப்பி ரிவ்யூ எழுதச் சொல்கிறார்கள். இலவசமாக வந்தது என்று பதிவில் சொன்னால் நம்பிக்கை போய்விடாதா?
– ஒரு வாசகி, சேலம்

சொல்லாமல் விட்டு, அப்புறம் தெரிந்தால்தான் போகும். அதுவும் போக, இது உங்கள் விருப்பம் இல்லை, சட்டம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கென்றே வழிகாட்டுதல் வெளியிட்டது. பணம் வாங்கினாலும், பொருள் வாங்கினாலும், ஹோட்டலில் ஓசியில் தங்கினாலும் சொல்லியாக வேண்டும், கண்ணில் படுகிற இடத்தில், பதிவு எந்த மொழியோ அந்த மொழியில். அதாவது தமிழ்ப் பதிவின் அடியில் இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைச் சொருகிவிட்டுத் தப்பிக்க முடியாது. "இந்த மிக்ஸியைக் கம்பெனியே அனுப்பியது" என்று முதல் பத்தியில் எழுதுங்கள், முடிந்தது வேலை. மக்களை ஏமாற்றுகிற விளம்பரம் என்று ஆகிவிட்டால் அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகும்.

வரிப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2022 ஜூலை 1-லிருந்து ஒரு கம்பெனி வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளை உங்களுக்குத் தந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) கட்ட வேண்டும். பொருளை நீங்கள் வைத்துக்கொண்டால்தான் இது. எழுதி முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டால் கணக்கில் வராது. ஒரு மிக்ஸிக்கு இந்தப் பிரச்சினை வராது, தீபாவளி சமயத்தில் ஃபிரிட்ஜ், டிவி என்று இறங்கும்போதுதான் வரும்.

கம்பெனியின் லிங்க்கைப் பணம் வாங்கிப் போட்டால் அதில் ஸ்பான்சர்டு குறியீடு (காசு வாங்கிப் போட்ட லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் அடையாளம்) இருக்க வேண்டும் என்று கூகுளும் கேட்கிறது. போடாமல் விடச் சொல்லிக் கம்பெனி வற்புறுத்தினால் மிக்ஸியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இந்த வருமானத்துக்கு வரி உண்டா? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? ஆடிட்டரிடம் போனாலே அவருக்கே பிளாக் என்றால் என்னவென்று தெரியவில்லை.
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், கும்பகோணம்

வேறு ஆடிட்டரைப் பாருங்கள். இப்போது இளைஞர்கள் நிறைய வந்துவிட்டார்கள், யூடியூபர் கணக்கு பார்க்கிறவரிடம் போனால் உங்களுடையதும் புரியும்.

வருமானம்தான், காட்டத்தான் வேண்டும். 2025–26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்றதும் நிறைய பேர் ரிட்டர்னே வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள். அப்படி இல்லை, மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே தாக்கல் செய்ய வேண்டும். கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாய்க்கு மேல் வரும் என்று தெரிந்தால் அட்வான்ஸ் டாக்ஸும் (வருஷத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் வரி) உண்டு. ஜிஎஸ்டிக்குச் சேவைத் தொழிலில் வரம்பு வருஷத்துக்கு 20 லட்சம். முதல் வருஷம் பிளாக் எழுதுகிறவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்றை மட்டும் ஒவ்வொரு தடவையும் வாங்கி வையுங்கள், மூன்று வருஷம் கழித்து யாராவது கேட்கும்போது வங்கியில் போய் நிற்க முடியாது.

பிளாக்கரிலேயே இருக்கலாமா, சொந்த ஹோஸ்டிங் எடுத்து வேர்டுபிரஸுக்கு மாறலாமா?
– வாசகர், விருதுநகர்

இடத்தை விட முகவரி முக்கியம். சொந்த டொமைன் வாங்கி பிளாக்கரிலேயே மாட்டிக்கொள்ளலாம், வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம்தான். பின்னால் எங்கே மாறினாலும் ஆள் உங்கள் முகவரிக்கு வருவார்கள்.

பிளாக்கர் 1999-லிருந்து இருக்கிறது, 2003-ல் கூகுள் வாங்கியது, இன்னும் ஓடுகிறது. ஆனால் ஓசி வீட்டில் எது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பதிவர்கள் காலையில் எழுந்ததும் திறந்த, பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள். கூகுளின் சமூக வலைத்தளமாக இருந்த கூகுள் பிளஸின் கமெண்ட் வசதியைப் பிளாக்கரில் போட்டுக்கொண்டவர்களின் பின்னூட்டங்கள் 2019-ல் ஒரேயடியாக மறைந்தன. வருஷக்கணக்கில் நடந்த சண்டைகள், சமாதானங்கள், எல்லாம் போச்சு. அதனால் மாதத்துக்கு ஒரு தடவை பேக்கப் எடுங்கள், விருப்பப்பட்ட வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்க்க ஆரம்பியுங்கள். இந்த இரண்டும் செய்தால் பிளாக்கரா வேர்டுபிரஸா என்பது ரசனைப் பிரச்சினைதான்.

அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் போடுவது என்று யாரும் சொல்வதில்லை.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

நான் ஆங்கில மாதக் காலண்டரில் போடுவதில்லை, தமிழ் மாதத்தில் போடுகிறேன், ஏனென்றால் நம் வாசகர்கள் அதில்தான் வாழ்கிறார்கள். என் துறையில் ஆடிப்பட்டம் என்றால் ஜூலை நடுவில் விதைப்பு. ஆனால் எந்த விதை, எந்த மண் என்று ஜூன் கடைசியிலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கும் ஒரு மாதம் முன்னால், அதாவது வைகாசியிலேயே என் பதிவு தயாராகி கூகுளில் ஏறியிருக்க வேண்டும். சமையல் எழுதுகிறவருக்குப் புரட்டாசி என்றால் சைவம், அந்தப் பதிவுகள் ஆவணியில் போக வேண்டும். தீபாவளிப் பலகாரத்தைத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் போடுபவர்கள் அடுத்த வருஷத் தீபாவளிக்குத்தான் எழுதுகிறார்கள்.

விளம்பரக் காசும் இதே தாளத்தில்தான் ஏறி இறங்கும். ஆயுத பூஜையிலிருந்து தீபாவளிவரை கம்பெனிகள் அள்ளி விடும், ஜனவரியில் கை இறுகும். ஐப்பசி வருமானத்தைப் பார்த்து "இனிமேல் மாதம் இவ்வளவு" என்று இஎம்ஐ போட்டவர்களை எனக்குத் தெரியும்.

பண்டிகைப் பதிவின் முகவரியில் வருஷத்தைப் போடாதீர்கள். ஒரே பதிவை ஒவ்வொரு வருஷமும் தூசி தட்டித் திருத்தி, அதே முகவரியிலேயே மறுபடி கொண்டுவாருங்கள். வருஷம் போட்டுவிட்டால் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டும்.

திட்டம் என்றதும் 52 வாரத்துக்கும் தலைப்பு எழுதி ஒட்டுகிற ஆட்கள் உண்டு. நான் மூன்று மாதத்துக்கு மேல் போடுவதில்லை. பாதி புதுசு, பாதி பழசைத் திருத்துவது. நாலாவது மாதம் என்ன வரும் என்பதை வாசகர்களின் கேள்விகள் சொல்லிவிடும்.

பதிவுகளைத் தொகுத்துப் புத்தகம் போடலாமா? மின்னூல் போதுமா?
– வாசகர், தஞ்சாவூர்

போடலாம், ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. அமேசான் கிண்டிலில் தமிழ் 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது, நீங்களே ஏற்றலாம், மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்) கூடத் தேவையில்லை. ஆனால் கேடிபி செலக்ட் என்று ஒரு திட்டத்தில் சேரச் சொல்லிக் கேட்கும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த எழுத்து டிஜிட்டலாக வேறெங்கும் இருக்கக் கூடாது. உங்கள் சொந்த பிளாக்கும் அந்த "வேறெங்கும்"-இல் அடக்கம். படிக்காமல் டிக் அடித்துவிட்டுப் பின்னால் எச்சரிக்கை மெயில் வந்து முழிப்பவர்கள் நிறைய. பதிவுகள் தளத்திலேயே இருக்க வேண்டும் என்றால் அதில் சேராமல் விற்றுக்கொள்ளுங்கள்.

காசு முக்கியமில்லை, பரவ வேண்டும் என்றால் 2013-லிருந்து இயங்குகிற ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் தளம் இருக்கிறது, யாரும் இலவசமாகப் பகிர விடுகிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறார்கள். அச்சுப் புத்தகம் என்றால் சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், பதிப்பாளர்கள் ஆடி ஆவணியிலேயே பட்டியலை முடிவு செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கார்த்திகையில் போய்க் கேட்காதீர்கள். அச்சுக்கு ஐஎஸ்பிஎன் வேண்டும், இந்தியாவில் அது இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

பதிவுகளை அப்படியே கொட்டினால் புத்தகமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "போன பதிவில் சொன்ன மாதிரி" என்று ஆரம்பிக்கிற பத்திகளை வெட்டவே ஒரு மாதம் ஆகும்.

ஒரு வருஷம் முடிந்ததும் எழுதவே பிடிக்கவில்லை.
– வாசகி, புதுச்சேரி

இரண்டு மூன்று வாரம் எழுதாதீர்கள். அதனால் தேடல் வரத்து ஒன்றும் குறைந்துவிடாது. அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் துறை பிடிக்கவில்லையா, அவசரம் பிடிக்கவில்லையா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். தமிழில் எழுதினால் காசு வருமா, ஆங்கிலத்துக்கு மாறவா?
– வாசகர், சிங்கப்பூர்

விளம்பரத்துக்குக் கிடைக்கும் விலை எழுதுகிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்ததில்லை, படிக்கிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூர், கனடா, லண்டன் வாசகர் ஒருவரின் கிளிக்குக்கு இங்கே உள்ளவரின் கிளிக்கைவிடப் பொதுவாக அதிகம் கிடைக்கும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ்ப் பாடத்தோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கு அங்கேயே இருந்து எழுதுகிற ஆள் வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் எழுதுவேன்.

என் பதிவுகளை அப்படியே எடுத்து யூடியூபில் வாசித்துக் காசு பார்க்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், திண்டுக்கல்

எழுதிய நிமிஷமே காப்புரிமை உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உங்கள் பதிவின் லிங்க், வெளியிட்ட தேதி, அவர்கள் வீடியோவின் லிங்க் மூன்றையும் வைத்து யூடியூபின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். வரிக்கு வரி வாசித்திருந்தால் தூக்கிவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் யோசனையை எடுத்துச் சொந்த வார்த்தையில் பேசியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, யோசனைக்குக் காப்புரிமை கிடையாது. கமெண்டில் போய்ச் சண்டை போடாதீர்கள், அதிலும் அவர்களுக்குத்தான் வியூஸ்.

எல்லாம் சரி, உங்களுக்கு மாதம் எவ்வளவு வருகிறது?
– ஐந்தாறு பேர், பல ஊர்கள்

தொகையைச் சொன்னால் என் தம்பி கடன் கேட்பான். விளம்பரத்தில் வருவது மொத்தத்தில் பாதிக்கும் குறைவு, மீதி ஞாயிற்றுக்கிழமை மாடித்தோட்ட வகுப்புகளில். அந்த வகுப்புக்கு வருகிறவர்களில் நிறைய பேர் மாவுப்பூச்சிப் பதிவு வழியாக வந்தவர்கள்.